வெயிலுக்கு முன்னால் நாலு எட்டு

அன்புள்ள மதினிக்கு,

"வாங்க கொழுந்தனாரே, மண்டிய அப்படியே சட்டையில கட்டிக்கிட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பீர்கள். விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்க்கிற நான், நாரணாபுரத்து வீட்டுக்குள் தும்மாமல் நுழைந்ததாக ஞாபகமே இல்லை. என்மேல் ஒட்டிவந்த நெடியில் நீங்களும் சேர்ந்து தும்முவீர்கள். இப்போது நான் மட்டும் தும்மிவிட்டு உள்ளே போகிறேன். இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல முடியும், சொல்லுங்கள்?

அழுவதற்காக எழுதவில்லை. நல்ல சேதி ஒன்று இருக்கிறது. கூடவே உங்கள்மேல் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்த்துப் பேச முடியாத ஆளைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். இருந்த காலத்தில் என்னை எங்கே பேசவிட்டீர்கள்?

சேதி உங்கள் கம்ப்யூட்டரைப் பற்றியது.

மாடி அறையில் அதை நீங்களே பாகம் பாகமாகக் கோத்த அன்று, திருப்புளி எடுத்துக்கொடுக்க நானும் பக்கத்தில் இருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவதோடு நிற்காமல், புது வெடி வானத்தில் எப்படி விரியும் என்று படமாகவே செய்து கம்பெனிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தீர்கள். ஒரு படம் முழுசாக உருவாகி வெளியே வருவதற்குள் கம்ப்யூட்டருக்கு நாக்குத் தள்ளிவிடும். உங்களுக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பிராசஸரைச் செய்தவர்கள் சொன்ன வேகத்தையும் தாண்டி அதை ஓடவிடலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பேர் என்று எங்கோ படித்துவிட்டு, படிப்படியாக வேகத்தைக் கூட்டினீர்கள். வேகம் கூடினால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும், வோல்டேஜ் கூடினால் சூடு கூடும் என்று விளக்கம் வேறு. சூடு என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். நம் பட்டாசு ஊர்க்காரனுக்கு அது தானாக வந்துவிடும்.

"வெடிச்சிராதுல்ல மதினி?"

"வெடிக்கதுக்கு இது என்ன லச்சுமி வெடியா? தாங்கலைன்னா அணஞ்சு போகும், அம்புட்டுத்தான். புதுச்சரக்கு செஞ்சா பொட்டல்ல சாம்பிள் போட்டுப் பாக்காம லோடு ஏத்துவாகளா? அதே மாதிரி இதுக்கும் சாம்பிள் போட்டுப் பாப்போம்."

அந்தச் சாம்பிள்தான் சோதனை. பிராசஸர் மொத்தத்துக்கும் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கணக்குப் போட வைக்கும் ஒரு புரோகிராம். ஒரு கணக்கு பிசகினாலும் சரி, திரை நீலமாகி நின்றாலும் சரி, தோற்றுப் போனதாக அர்த்தம். ஐந்து கிகாஹெர்ட்ஸில் வைத்தீர்கள், அணைந்தது. கொஞ்சம் இறக்கி நாலு புள்ளி எட்டில், உங்கள் பாஷையில் நாலு எட்டில் வைத்தீர்கள், அசையாமல் ஓடியது. அன்றிலிருந்து அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்ல நாலு எட்டாக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். நாலு எட்டு எது என்று ஒருத்தர் திருப்பிக் கேட்டபோது, "அத அவகிட்டக் கேளுங்க" என்றார்.

அண்ணன் தூக்கத்தைப் பற்றி உங்களுக்கே எழுத வேண்டியதில்லை. சீசனில் தெருமுனைப் பொட்டலில் சாம்பிள் வெடி போடும்போது ஜன்னல் ஆடும், இவர் புரண்டு படுப்பார். நீங்கள் விடியக்காலையில் எழுந்து மாடிக்குப் போய்ப் பாதி நாள் வேலையை முடித்துவிட்டு இறங்கும்போதுதான் அவருக்கு முழிப்புத் தட்டும். ஃபேனை நிறுத்திப் பார்த்தீர்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தீர்கள். "மழ பெய்யிதா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிய மனுஷனை என்ன செய்ய? "ஒங்க அண்ணன ஒரு நாளாவது விடியக்காலையில எந்திரிக்க வைக்காம நா போக மாட்டேன், பாத்துக்கோங்க" என்று என்னிடம் சவால் விட்டிருந்தீர்கள். கார்த்திகையில் அதைச் செய்யாமலே போய்விட்டீர்கள்.

அப்புறம் மாடிக்கு யாரும் ஏறவில்லை. கம்ப்யூட்டரின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு அண்ணன் கீழேயே இருந்தார். பங்குனியில் பழைய கம்பெனிக்காரர் ஒருத்தர் நேரில் வந்து, "நீங்களே செஞ்சு குடுங்க, அவுக ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்த வரைக்கும் போதும்" என்று ஆர்டரைக் கையில் திணித்துவிட்டுப் போன பிறகுதான் போர்வையை எடுத்தார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஆனால் படம் பாதி ஓடும்போது திரை நீலமாகி நின்றது. மறுநாளும் அதே கதை. பழுது பார்க்கிறவர் வந்து தூசியை ஊதி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையை மாற்றி, விசிறியைத் துடைத்துவிட்டு, "இந்த ஓவர்கிளாக்க எடுத்துருவோம் அண்ணாச்சி, பழைய வேகத்துல ஓடட்டும்" என்றார். அண்ணன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது போர்வை மறுபடி ஏறியிருந்தது.

"அவ வச்ச வேகத்துல ஓடுனா ஓடட்டும். இல்லைன்னா மூடிருவோம்லே" என்றார்.

"கம்ப்யூட்டரையா?"

"எல்லாத்தையும்தான். ஆர்டரத் திருப்பிக் குடுத்துருதேன். அவளும் போயிட்டா, அவ செஞ்சதும் போகுது. நா மட்டும் ஒக்காந்து என்னத்த செய்ய?"

மதினி, அவர் குரலைக் கேட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் போனால் போகட்டும். அண்ணன் தன்னையும் சேர்த்து அந்தப் போர்வைக்குள் மூடிக்கொள்ளப் போகிறார் என்று பட்டது. மண்டியில் லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் தூக்கம் கலைந்து விடியக்காலையிலேயே மாடிக்குப் போய் உங்கள் சோதனையை ஓடவிட்டேன். கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. கீழே வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லாத பெட்டியை எதற்கு நோயாளி என்கிறார்கள்? மத்தியானம் அண்ணனுக்கும் காட்டுவோம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மேலே வெயில் நேராக இறங்கும் மொட்டைமாடி, அறைக்குள் அடுப்பங்கரை போல அனல். டீ ஆறுவதற்குள் திரை நீலமானது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் அப்பா விஸ்வநத்தத்தில் வெடிமருந்து கலக்கிறவர். மருந்து கலக்கும் வேலை சூரியன் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும், சூடு ஏறிய பிறகு யாரும் தொட மாட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள், ஆபத்தான வேலை என்றாலே "வெயிலுக்கு முன்னால முடிச்சிரணும்" என்பீர்கள். பிராசஸர் சோதனையையும் அப்படித்தான் விடியக்காலைக் குளிர்ச்சியிலேயே போட்டீர்கள். மத்தியான வெயிலில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை!

மருந்தைக் குளிர்ந்த நேரத்தில்தான் கலக்க வேண்டும், சரி. ஆனால் ஒரு பெட்டி தாங்குமா என்று பார்க்க, உள்ளதிலேயே சூடான நேரத்தில் அல்லவா பார்க்க வேண்டும்? பட்டாசு ஊர்ப் பெண்ணைத் தவிர வேறு யார் இந்தத் தப்பைச் செய்வார்கள்? உங்களுக்கு அது தப்பாகவே தெரிந்திருக்காது. பெரிய வேலையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவீர்கள். ஒன்பது மணிக்கு எழுந்து, குளித்து, பேப்பர் படித்து, உச்சிவெயிலில் வேலையைத் தொடங்குகிற ஒருத்தர் அந்த நாற்காலிக்கு வருவார் என்று நீங்கள் ஏன் நினைக்கப் போகிறீர்கள்?

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். "பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. நாலு அஞ்சுல எறக்கிட்டா மத்தியானமும் ஓடும். நாலு எட்டுதான் வேணும்னா விடியக்காலையில ஒக்காரணும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். இரண்டு வேகத்தையும் தனித்தனியாகச் சேமித்து, எப்படி மாற்றுவது என்று அவருக்குக் காட்டிவிட்டு, நாலு அஞ்சில் வைத்துவிட்டு மண்டிக்குத் திரும்பினேன். நாலு எட்டைக் குறைத்த அன்று மனசு கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, விடியக்காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். வாசலில் தும்மினேன், கதவு திறக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். மேலே கம்ப்யூட்டர் விசிறி இரையும் சத்தம் கேட்டது. ஏறிப் போனால், அண்ணன் குளித்து, திருநீறு பூசி, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு பச்சை வெடி பாதி விரிந்து நிற்கிறது. மூலையில் வேகம் தெரிந்தது. நாலு எட்டு.

"என்னண்ணே இது, இந்நேரத்துல?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேச்சுக் குடுக்காதலே. வெயிலுக்கு முன்னால முடிச்சிரணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. வத்தல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். ஜெயித்துவிட்டீர்கள் மதினி. ஃபேனும் தண்ணீரும் சாதிக்காததை, நீங்கள் தப்பாகப் போட்ட ஒரு சோதனை சாதித்துவிட்டது. அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது அடுத்தது ஓடுகிறது. இன்றுவரை ஒரு நாளும் அவர் பிந்தி எழவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாலு அஞ்சு அந்தப் பெட்டிக்குள் சும்மா கிடக்கட்டும், அதை யாரும் தொட மாட்டோம். அந்த அறைக்கு ஏசி வாங்கிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் மறுக்கப் போவது நான்தான். அறை குளிர்ந்துவிட்டால் அண்ணன் மறுபடி ஒன்பது மணிக்கு அல்லவா எழுந்திருப்பார்?

சவாலில் உங்களிடம் தோற்ற,
உங்கள் வத்தல் மண்டிக் கொழுந்தன்,
செல்வம்