இரண்டு மணிக்கு மேல் சோறில்லை

ஏற்காடு
9.6.1986

அன்புள்ள மகன் செல்வராஜுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வரிகள் எல்லாம் மலை ஏறுகிற பஸ் மாதிரி சாய்ந்து போகின்றன, கோடு போட்ட தாள் வாங்கி எழுது கண்ணு. மழை இறங்கிவிட்டது, மிளகுக்கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் தங்கை இன்பமேரி, மாப்பிள்ளை, குழந்தை ரோஸ்லின் மூவரும் மே மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.

இந்த வயதில் எதற்கு இந்த அவஸ்தை, லாட்ஜை லீஸுக்குக் கேட்கிற அந்தச் சேலத்துக்காரருக்கே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அவருக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன். இந்த சீசனில் ஆறு அறையில் மூன்றுதான் நிறைந்தன என்பது உண்மை. பதினோரு வருஷமாக மே மாதம் மூன்று அறை எடுக்கிற மெட்ராஸ் ராஜேந்திரன் ஐயா குடும்பம்கூட வரவில்லை. ஏரிப் பக்கம் டி.வி. வைத்து ஒரு ஹோட்டல் வந்திருக்கிறதே, அதுதான் காரணம் என்று நீ எழுதினாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் இரண்டு பேருமே தப்பு. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், நடுவில் மடித்து வைத்துவிடாமல் படி.

இன்பமேரி வந்த மூன்றாம் நாள், ஊரையெல்லாம் பார்க்க அனுப்புகிறீர்களே, நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டு என்னையும் கிளப்பிவிட்டாள். பெரியசாமியின் ஜீப்பை வைத்துக்கொண்டு கரடியூர் போனோம். நம் அறைகளில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நானே டைப் செய்து மாட்டிய அட்டையில் முதலில் இருப்பது கரடியூர் வியூ பாயிண்ட். அங்கே நான் கடைசியாகப் போனது நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம். டிபனை முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தால் கீழே ஒன்றும் தெரியவில்லை, ஒரே மூட்டம். பன்னிரண்டரைக்குத்தான் அது விலகி சமவெளி தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு வளைவில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரோஸ்லின் பசி பசி என்று என் புடவையை இழுத்தபடி இருந்தாள். இப்படியா நேரம் பார்த்துக் கூட்டிவருவது என்று பெரியசாமியைக் கேட்டேன். அவன் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஏனுங்கம்மா, கரடியூரு போனவங்க மூணு மணிக்கு முன்ன ஊடு சேந்து நான் பாத்ததே இல்லீங்களே” என்றான். பத்து வருஷமாக நம் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போகிறவன். இதை ஏன் சொல்லவில்லை என்றேன், யாரும் கேட்கலீங்களே என்றான்.

வீட்டுக்கு வரும்போது மூன்றே கால். சாப்பாட்டு அறையைக் கழுவி, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. மிஞ்சிய சோற்றை என் உத்தரவுப்படி இரண்டரைக்கே வேலைக்காரர்களுக்கு வழித்துக் கொடுத்தாகிவிட்டது. சமையல்காரன் பொன்னுவேல் கை கட்டிக்கொண்டு நின்றான். சோறு எங்கே என்று கேட்டேன். “ரெண்டு மணிக்கு மேல கலெக்டரே வந்தாலும் சோறில்லைன்னு சொல்லிப்போடுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றான். கேலி இல்லை, நிஜமாகவே நான் பாராட்டுவேன் என்று நினைத்துச் சொன்னான். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான். இன்பமேரி சிரிக்கவில்லை. சொந்த ஊட்டுலயே பட்டினி போடற லாட்ஜை இப்பத்தானம்மா பாக்கறேன் என்றாள். சொன்னதைச் செய்தவனை எப்படித் திட்டுவது? கான்வென்டில் மணி அடித்த பிறகு வந்தால் எனக்கும் சோறில்லைதான், அந்த ஒழுங்கில் வளர்ந்தவள் நான். நீ செய்தது சரி, டீயும் பிஸ்கட்டும் கொண்டுவா என்றேன். ரோஸ்லினுக்கு மட்டும் பால்.

டீயை வைத்துவிட்டுப் போகாமல் அவன் அங்கேயே நின்றான். என்னடா என்றேன். போன வருஷம் அந்த மெட்ராஸ் ஐயாவும் இதே மூணு மணிக்குத்தான் கரடியூரிலிருந்து வந்தார், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அவருக்குச் சர்க்கரை வியாதி, வேளைக்குச் சாப்பிட வேண்டியவர், ஆனாலும் குறை ஒன்றும் சொல்லாமல் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார் என்றான். என்னை எழுப்ப வேண்டியதுதானே என்றேன். இரண்டிலிருந்து நாலுவரை என் கதவைத் தட்டக் கூடாது என்பதும் என் உத்தரவுதான். அவர் மறுநாள் காலை என்னிடம் நன்றி சொல்லி, குழந்தைகளை எனக்கு வணக்கம் சொல்ல வைத்துவிட்டுப் போனார் செல்வராஜ். நான் வாசல்வரை போய் அனுப்பினேன். மனம் நொந்தவர் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் வராமலே இருந்துவிட்டார். நானே கரடியூர் போ என்று அட்டை எழுதி அனுப்பிவிட்டு, நானே கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அப்படியானால் முந்தின பத்து வருஷம் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்: “நம்ம ஐயா இருந்தப்ப ரெண்டடிக்கறதுக்கு முன்ன நாலஞ்சு பேருக்கு எடுத்து மூடி, ஆபீஸ் ரூமு அலமாரில வெச்சுக்குவாருங்க. அம்மாகிட்டச் சொன்னா எனக்கும் சேத்துச் சோத்த நிறுத்திப்போடுவாங்கன்னு சொல்லுவாருங்க.” நான் டீயைக் குடித்து முடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், உன் அப்பாவின் ஆபீஸ் அறையில் எப்போதும் எலுமிச்சை ஊறுகாய் வாசம் வரும். திருட்டுத்தனமாகத் தின்கிறீர்கள், டாக்டர் சொன்னதைக் கேட்பதில்லை என்று நான் எத்தனை முறை பேசியிருப்பேன். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை, ஆமாம் புஷ்பம் என்று கேட்டுக்கொள்வார். அவர் போன பிறகு வந்த முதல் சீசன்தான் போன வருஷம். கணக்கு சரியாக வருகிறது பார்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே, வேலை கிடந்தது. இரண்டு மணிச் சட்டம் அப்படியே இருக்கிறது, சமையல்காரனும் மனிதன்தான், அவன் சாய்ந்துகொள்ள வேண்டும். ஆனால் காலையில் கிளம்புகிறவர்களிடம் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர் என்று நானே வாசலில் நின்று கேட்கிறேன். கரடியூர் என்றால் புளிசாதமும் தயிர்சாதமும் அலமாரிக்குப் போய்விடும், அறைச் சாவியோடு அலமாரிச் சாவியும் அவர்கள் கைக்குப் போய்விடும். அட்டையில் கரடியூருக்குப் பக்கத்தில் ‘திரும்ப மூன்று மணி ஆகும், உங்கள் சாப்பாடு காத்திருக்கும்’ என்று டைப் செய்தாகிவிட்டது. ராஜேந்திரன் ஐயாவுக்கும் எழுதினேன். சாக்கு எதுவும் சொல்லாமல், உங்களைப் பட்டினி போட்டது என் தவறு என்று மட்டும் எழுதினேன். முந்தாநாள் பதில் வந்தது. அக்டோபர் பூஜை லீவுக்கு இரண்டு அறை கேட்டிருக்கிறார். மகன் குடும்பம் வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பிள்ளைகளைப் பட்டினியாகப் பார்த்தவள் மருமகள், அவளுக்குக் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது. நியாயம்தான். மூன்றாவது அறையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சேலத்துக்காரருக்கு இல்லை என்று சொல்லப் போகிறேன், நீ வேறு விதமாக எழுதி என் நேரத்தை வீணாக்காதே.

உனக்கும் ஒன்று. அந்தக் கம்பெனி மெஸ்ஸில் முந்நூறு பேருக்குச் சோறு போடுகிற சூப்பர்வைசர் நீ. ஏ.சி. அறையில் உட்கார்ந்து புகார்ப் புத்தகம் காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதே. ஒரு நாள் கடைசி ஷிப்டுக்காரர்களோடு, யாரிடமும் சொல்லாமல், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நில். உன் கைக்கு என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே. இயேசுவும் மாதாவும் உன் கூடவே இருந்து காக்கட்டும், உன் அப்பாவின் பொறுமையில் பாதியாவது உனக்கு வரட்டும், மீதி எனக்குத் தேவைப்படுகிறது. நீ அனுப்பப் போவதாகச் சொன்ன டி.வி. வேண்டாம் சாமி. வருகிறவர் யாரிடமாவது பெரிய பிளாஸ்க் இரண்டு கொடுத்தனுப்பு. ஒன்று காப்பிக்கு, ஒன்று ரசத்துக்கு. அலமாரியில் அவற்றை வைக்கிற தட்டில் அப்பா ஏற்கெனவே தாள் விரித்து வைத்திருக்கிறார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
மரியபுஷ்பம்