டிவியின் கண்ணும் அப்பாவின் கண்ணும்

ஸ்ரீரங்கம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வேணிக்கு,

அம்மா எழுதுவது. ஒரே சேலை ஒரு மனிதரின் வலது கண்ணுக்கு ஒரு நிறமாகவும் இடது கண்ணுக்கு வேறு நிறமாகவும் தெரிந்தால், அந்தச் சேலையின் நிறம் எது? ஒரு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். விடை எனக்குத் தெரியவில்லை. புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதை மூடிவைத்துவிட்டு முதலில் எனக்குப் போன் செய். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதியை அவரே சொல்லிவிடுவார், அதுவும் தனக்குச் சாதகமாக. இந்த ஒரு விஷயத்தை முழுதாக நானே சொல்ல வேண்டும் என்று ஆசை.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தது உனக்குத் தெரியும். தில்லை நகரில் அந்தக் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தது நான், நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு டாக்டர்களைப் பார்த்துப் பேசி. கட்டுப் பிரித்த அன்று அவர் வீட்டுச் சுவரைப் பார்த்து, இது எப்ப வெள்ளையடிச்சது என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில்தான் புது டிவி வாங்குவது என்று கிளம்பினார். கடையில் கியாசுதீன் என்று ஒரு விற்பனையாளர், நல்ல மனிதர், நல்ல பேச்சு. டிவியை விற்று முடித்ததும் நீட்டிப்பு வாரண்டியை எடுத்தார். கம்பெனி கொடுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் இன்னும் மூன்று வருடம், கூடவே வீட்டுக்கு ஆள் வந்து படத்தின் நிறம், வெளிச்சம் எல்லாம் சரிசெய்து கொடுக்கும் சேவை. அதற்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். நான் அந்தத் தாளை நின்றபடியே முழுதும் படித்தேன். பல்லி உள்ளே போனால் கிடையாது, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் கிடையாது, திரையில் கோடு விழுந்தால் அது யார் குற்றம் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இவ்வளவு கழித்தபின் எதற்குத்தான் வாரண்டி என்று கேட்டேன். கியாசுதீன் சிரித்துவிட்டு, "மேடம், எதுவும் ஆகாதுங்க, ஒரு மனநிம்மதிக்குத்தான்" என்றார். எதுவும் ஆகாது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் கடையில் வைத்து என்னோடு வாதாட மாட்டார்.

டிவி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. சுவரில் மாட்டி முடித்தபோது படம் கண்ணைக் கூச வைத்தது. மறுநாள் காட்டூரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் தாயார் சேவைக்கு வந்துவிட்டு நம் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகிறவர்தானே. புதுப் பொருள், பூஜை போடாமல் எப்படி என்று அவரே சந்தனம் குழைத்து, டிவிச் சட்டத்தின் கீழே நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் அவர் ஆசையாகச் செய்வதைத் தடுப்பதும் கிடையாது. அன்று சாயங்காலம் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார், பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார். சாப்பிடும்போதுதான் சொன்னார், "ஆபரேஷன் பண்ண கண்ணு மங்க ஆரம்பிச்சிடுச்சு, கமலா."

படம் எனக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது, பழுப்பேறின மாதிரி. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நேத்து பளிச்சுன்னு இருந்த டிவி இன்னைக்கு எப்படி மங்கும்? டிவி மாறல, கண்ணுதான் மாறிடுச்சு. நீ பார்த்து வச்ச டாக்டர், அதனால நீ அப்படித்தான் சொல்லுவ" என்றார். டாக்டரிடம் மறுபடியும் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் வாசித்தார், கண் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா, "அவங்க பண்ணதைத் தப்புன்னு அவங்களே சொல்லுவாங்களா?" என்றார். நம் வீட்டில் சந்தேகம் என் ஒருத்திக்குத்தான் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் என்னிடம் சொல்லாமல் கிளினிக்குக்குப் போன் செய்து, இடது கண் ஆபரேஷனை வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டார். அந்த இடது கண்ணில் புரை முற்றிப்போயிருக்கிறது வேணி, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பா ஸ்கூட்டரை எடுப்பதையும் நிறுத்தினார். ஆபீசுக்கு டவுன் பஸ். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினார், நன்றாகப் பார்க்கிற ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே, அவர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

பெரியப்பா வேறு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்து, "படம் நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன குறை? தம்பி கண்ணுலதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு தடவை என் முகத்துக்கு நேராகவே, "படிச்ச பொம்பள நாலு எடத்துல விசாரிச்சேன்னு சொல்லி நாலாவது எடத்துல கொண்டு போய் விட்டிருக்கு. டிவிக்கு வாரண்டி வேணாம்னுச்சு, கண்ணுக்குத்தான் வாரண்டியே கெடையாதே" என்றார். காபியை மட்டும் சூடாக வைத்துக் கொடுத்தேன். பதில் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாமல் நான் வாய் திறப்பதில்லை.

ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆஷ்லி என்று ஒரு இளைஞர் வந்தார், பாலக்கரைப் பக்கம், மரியாதையான பையன். திரையை முன்னும் பின்னும் பார்த்தார், குனிந்து சட்டத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார், பிறகு, "பேனல் நல்லா இருக்குங்க மேடம். கேலிப்ரேஷன் வேணும்னா தனியா புக் பண்ணணும்" என்றார். எதை அளவாக வைத்துச் சரிசெய்வீர்கள் என்று கேட்டேன். "முக நிறம் பார்த்து வைப்போம் மேடம், கஸ்டமருக்குப் பிடிச்ச மாதிரி" என்றார். எந்தக் கண்ணுக்குப் பிடித்த மாதிரி என்று கேட்கத் தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை காலையில் வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, செய்தி. பெரியம்மா வந்து புதுப் பொட்டு வைப்பார், பழசு காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கிறதே என்று ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்த மறு நொடி என் கைமேல் வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்தால் படம் பளிச்சென்று ஆகிவிட்டது, செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலை பழுப்பிலிருந்து நல்ல மாம்பழ மஞ்சளாக ஏறுகிறது. பொட்டு இருந்த இடத்தில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கறுப்புப் புடைப்பு. அதன்மேல் விரலை வைத்தேன், படம் மெல்ல மங்கியது. எடுத்தேன், தெளிந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வரைக்கும் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தக்கபடி படத்தைக் கூட்டிக் குறைக்கிற கண் அது. நாம் அந்தக் கண்ணைச் சந்தனத்தால் அடைத்துவிட்டோம், டிவி பாவம், எப்போதும் இருட்டு என்று நினைத்துக்கொண்டு திரி தணித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆஷ்லிக்குப் போன் செய்து கேட்டேன். "சென்சார் அங்கதான் இருக்கும்னு தெரியும் மேடம். ஆனா சாமி பொட்டு, நான் சர்ச்சுக்குப் போற ஆளு, தொட்டா வீட்டுல என்ன நெனைப்பாங்களோன்னு விட்டுட்டேன்" என்று அழாத குறையாகச் சொன்னார். இனிமேல் போகிற வீட்டில் தொட வேண்டாம், வாயால் கேளு என்று சொன்னேன்.

உடனே அப்பாவிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் பெரியம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாடு முடிந்ததும் உன் பட்டமளிப்பு விழாப் படம் ஒன்றைத் திரையில் நிறுத்திவைத்தேன். அப்பாவை இடது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன், படம் மாறுகிறபோதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்றேன். மாமா, நீங்களும் பாருங்கள், இரண்டு கண்ணையும் திறந்தே பாருங்கள் என்றேன். ஒரு துண்டைச் சட்டத்தின் கீழே தொங்கவிட்டு, அதன் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றேன், நான் என்ன செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. சில தடவை விரலை வைத்தேன், சில தடவை வைப்பது போலக் கையை மட்டும் அசைத்தேன். அப்பா ஒரு தடவைகூடத் தவறவில்லை. வெறுமனே அசைத்தபோது அவர் கை மடியிலேயே இருந்தது, விரல் பட்டபோது உயர்ந்தது. பெரியப்பா ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. "என்னம்மா மாறுது? ஒண்ணும் மாறலயே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, பகலும் ராத்திரியுமா மாறுது, இதுகூடத் தெரியலயா உங்களுக்கு? அதான் போன வாரம் மோருன்னு நெனச்சு வடிச்ச கஞ்சிய ஊத்திப் பெசைஞ்சீங்களா!" என்றார். நான் துண்டை எடுத்தேன்.

அப்பா எழுந்து வந்து தன் விரலை வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், திரும்பி வலது கண்ணால் என்னைப் பார்த்தார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார். இந்த வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல கண் அதுதான் என்றேன். பெரியம்மாதான் எல்லாம் தான் வைத்த பொட்டால் வந்தது என்று கலங்கிப்போனார். அக்கா, பொட்டு இருக்கட்டும், இடத்தை மட்டும் மாற்றலாம் என்று சட்டத்தின் மேல் மூலையைக் காட்டினேன், அவரே அங்கே வைத்தார். பெரியப்பா செருப்பு மாட்டும்போது, யாருக்கும் கேட்காத மாதிரி, "ஏம்மா, அந்த டாக்டர் நம்பரு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது மாமா, இதற்கு வாரண்டி மட்டும் கிடையாது என்றேன். வெற்றி என்கிற சொல்லை நான் எளிதில் எழுதுகிறவள் இல்லை, இந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

அன்று ராத்திரிக்குள் கேலிப்ரேஷனையும் நானே முடித்தேன். கடைக்காரர் வைத்திருந்த கண் கூசும் அமைப்பை எடுத்துவிட்டு, நீ பட்டமளிப்புக்குக் கட்டிக்கொண்டு போன என்னுடைய அரக்குப் பட்டுச் சேலையை அலமாரியிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் பிடித்தேன். அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு, திரையில் உன் படத்துச் சேலையும் என் கையில் இருந்த சேலையும் ஒன்றாகத் தெரிகிறவரை கூட்டிக் குறைத்தார். வலது கண்ணுக்குப் பொருந்தினால் இடது கண்ணுக்கு இரண்டுமே பழுப்பு. அது இடது கண்ணின் பிரச்சனை என்று அவரே சொன்னார். திங்கட்கிழமை அவரே கிளினிக்குக்குப் போன் செய்தார். நாளைக்கு வேறு ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் இடம் இருக்கிறதாம், அதையே எடுத்துக்கொண்டார். நாளைக் காலையில் இடது கண்.

உனக்கு ஒன்றிரண்டு. லேப்டாப் வாங்கப் போகிறாய் என்றாயே, அங்கேயும் இந்த வாரண்டியை நீட்டுவார்கள், வாங்கு அல்லது வாங்காதே, ஆனால் எதற்கெல்லாம் கிடையாது என்பதை முதலில் படி. அந்த ஊர்க் குளிரில் காதை மூடாமல் பஸ்ஸுக்கு நிற்காதே. உன் கூட இருக்கிற பெண் பாத்திரம் கழுவுவதில்லை என்று மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் அவளிடமே சொல்லிவிடு. நானும் பேச்சைக் குறைத்து வளர்ந்தவள்தான், அதனால் சொல்கிறேன். அரங்கன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நான் அவனை அடிக்கடி போய்த் தொந்தரவு செய்கிறவள் இல்லை, உனக்காக ஒரு தடவை கேட்டால் மறுக்க மாட்டான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே.

உன்னை நினைக்காத வேளை இல்லாத
அம்மா,
கமலவல்லி

புதன்கிழமை. கவரை இன்னும் ஒட்டவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அப்பா நர்ஸிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே உள்ளே போனார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நர்ஸ் வந்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்கம்மா" என்றார். சரி என்று எழுந்தேன், எழுந்தது வரைக்கும்தான் நினைவு இருக்கிறது. கண் விழித்தபோது கட்டிலில் படுத்திருந்தேன், நர்ஸ் என் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு பக்கத்தில் நின்று எனக்குக் குளுக்கோஸ் கலக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஆட்டோவில் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "பேஷண்டு இருக்காங்க, பார்த்து மெதுவா போங்க" என்றார். ஆட்டோக்காரர் அவருடைய கண் மூடியைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், நீங்க மொதல்ல பத்திரமா உக்காருங்க" என்றார். "நான் இல்லீங்க, இவங்க" என்றார் அப்பா. மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அவர் தோளில் சாய்ந்துகொண்டே வந்தேன்.