தப்புக்கு ஆள் கிடையாது

3 ஏப்ரல் 2001
கலிபோர்னியா

அன்புள்ள அம்மா,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வரப் பத்து நாளாகிறது. அதற்குள் உனக்கு ஜலதோஷம் வந்து போயே விடுகிறது. என் கடிதம் சேக்ரமெண்டோவில், உன் முகவரியை யாருக்கும் காட்டாமல் காக்கும் அந்த அரசாங்கத் தபால் பெட்டிக்குப் போய், அவர்கள் அதை வேறு உறையில் போட்டு உனக்கு அனுப்பி... அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று பெற்ற மகளுக்கே தெரியாத கூத்து வேறு எங்காவது உண்டா? “தெரியாததை யாரும் அடிச்சு வாங்க முடியாது” என்பாய். சரி, கேட்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஆராய்ச்சி மாணவர்களாக இருந்துகொண்டே முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம் அல்லவா, எங்களில் சிறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது உண்டு. இந்த முறை கணிதத் துறையில் அது உன் மகளுக்கு! பேராசிரியர் நானூறு பேருக்கு மேடையில் நின்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் அடித்தள அறையில் அந்தச் சிக்கலைப் பிரிப்பது என் வேலை. அதிலும் எனக்குக் கொடுத்தது ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர்களின் வகுப்பு.

அவர்களில் ரிக்கி ஓச்சோவா என்று ஒரு கால்பந்துக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். அவன்தான் என் பெயரைச் சிபாரிசு செய்து எழுதியிருக்கிறான். “ஏன்டா எழுதினே?” என்று கேட்டேன். “உங்க கிளாஸ்ல தப்புக்கு ஆளே கிடையாது மிஸ். அதான்” என்றான். நான் தினமும் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, “யாரோ போட்டிருக்காங்க, எங்க சறுக்கினாங்கன்னு பாருங்க” என்பேன். யாரையும் தனியாகப் பலகைக்குக் கூப்பிட மாட்டேன். அதைத்தான் சொல்கிறான்.

மே நான்காம் தேதி வெள்ளிக்கிழமை மாலை விழா. பெயரும் படமும் பல்கலைக்கழகப் பத்திரிகையிலோ இணையத்திலோ வரக்கூடாது என்று அலுவலகத்து மார்சியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டும் அம்மா. ஒரே ஒரு தடவை.

உன் கோரின்


12 ஏப்ரல் 2001
ஊர் எதற்கு உனக்கு

கண்ணே கோரின்,

வேலை பார்க்கும் விடுதியில் துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது உன் கடிதம் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். நானோ எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன்.

சிறந்த ஆசிரியர் என்று பித்தளைத் தகட்டில் பொறித்து நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததே, மறந்துவிட்டாயா? கெட்டில் ஃபோர்க் ஊரே உன் அப்பாவைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. “கொடுத்து வச்சவ ஆர்லீஸ் நீ! வெய்ன் மாதிரி ஒரு கணக்கு வாத்தியார் எங்க பிள்ளைங்களுக்கு எங்க கிடைப்பார்?” என்று கடைத்தெருவில் பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஆகஸ்ட் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சிரிப்பேன். அந்த வார்த்தையை உன் பெயரோடு சேர்த்துப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்.

விருது வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் நம்மை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் தடை உத்தரவு காலாவதியாகி வருஷக்கணக்காகிறது. அந்த மனுஷன் தேடுவதை விடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு உன் சித்தி வீட்டு வாசலில் போய் நின்று, “என் பொண்ணு எங்க படிக்கிறான்னு மட்டும் சொல்லு” என்று அழுதாராம். அழுகிற ஆம்பளைக்கு இரங்காதவர் யார்? நல்லவேளை, அவளுக்கும் தெரியாது. சூடு கண்ட பூனை நான். என்னைத் திட்டாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. காபியை மட்டும் குடித்துவிட்டுப் பாடம் நடத்தப் போகாதே.

அம்மா


19 ஏப்ரல் 2001

அம்மா,

திட்டத்தான் போகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. பதினைந்து வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்ததிலிருந்து குனிந்தே நடக்கிறேன். இன்னும் எத்தனை நாள்?

ஆனால் நான் வரச் சொல்வது கைதட்டுவதற்காக அல்ல. வேறு ஒன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும்.

முதல் வருஷம் ஒரு நாள் வகுப்பே தூங்கி வழிந்தது. விளையாட்டாக டஸ்டரை மேஜை மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சட்டென்று கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். அந்தக் கையை எனக்குத் தெரியும் அம்மா. அது உன் கை. அன்றிலிருந்து பலகையைத் துணியால்தான் துடைக்கிறேன்.

அப்பாவின் வகுப்பில் நானும் இருந்தேனே. அவர் ஒவ்வொருத்தராகப் பலகைக்குக் கூப்பிட்டு, பின்னால் போய் ஓசைப்படாமல் நிற்பார். நாங்கள் எல்லாரும் கணக்கு நன்றாகப் போட்டோம், உண்மைதான். வேறு வழி? நான் எல்லாவற்றையும் அவருக்கு நேர்மாறாகச் செய்கிறேன். இருந்தும் சில நேரம் சாக்பீஸ் பிடித்திருக்கும் என் கையைப் பார்த்தால் அது அவர் கையாகத் தெரிகிறது. சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் என்னை நல்லவள் என்கிறார்கள். ஊரும் அவரை நல்லவர் என்றுதானே சொன்னது?

நீ ஒருத்திதான் இரண்டு பேரையும் அறிந்தவள். வந்து பார்த்துச் சொல். நான் அவரா, இல்லையா?

கோரின்


26 ஏப்ரல் 2001

கண்ணே,

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அம்மா வீட்டில் இருப்பாள் என்று நினைத்தாயா? வருகிறேன்.

கடைசி வரிசையில் உட்காருவேன். நீ என்னைத் தேடாதே. கை ஆட்டாதே. முடிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. எப்படி வருகிறேன், எப்போது கிளம்புகிறேன் என்று கேட்காதே. சிரிக்காதே, நான் பேயைப் பார்த்தவள்.

ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்டதற்கு விடுதி மேனேஜர், “என்ன ஆர்லீஸ், மாப்பிள்ளை பார்க்கப் போறியா?” என்றான். “ஆமா, உன்னை மாதிரி இல்லாத ஒருத்தனா பார்க்கப் போறேன்” என்றேன். எத்தனையோ நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு பயமும் வந்தது. நமக்குச் சந்தோஷம் வந்தால் பின்னாலேயே ஏதாவது வரும்.

அம்மா


30 ஏப்ரல் 2001
மிக அவசரம்

அம்மா, வராதே.

உன் பதில் இன்னும் வரவில்லை. வருகிறேன் என்றுதான் எழுதியிருப்பாய் என்று பயமாக இருக்கிறது. வராதே.

என் வாயால் கெட்டேன். போன வாரம் அலுவலகத்தில் விருது வாங்குகிறவர்களுக்காக கேக் வெட்டினார்கள். மார்சி தட்டை நீட்டிக்கொண்டே, “ஆமா, நீ பொறந்து வளர்ந்ததெல்லாம் எந்த ஊரு கண்ணு?” என்றாள். இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே. வாய் நிறைய கேக், மனசு நிறைய சந்தோஷம். “ஐடஹோல கெட்டில் ஃபோர்க்” என்று சொல்லிவிட்டேன்.

பரிசு வாங்குகிறவர்களின் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதி அனுப்புவது இங்கே வழக்கமாம். எனக்குத் தெரியாது. மார்சி உடனே அனுப்பிவிட்டாள், அவர்களும் போட்டுவிட்டார்கள். கேட்டால், “நம்ம பத்திரிகையிலதானே போட வேணாம்னே, உங்க ஊர்ப் பத்திரிகையைப் பத்திச் சொல்லவே இல்லையே! அப்பா அம்மா வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைப்பாங்கன்னு நெனச்சேன் கண்ணு” என்று அழுகிறாள். அவளை என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ரொம்பத் தன்மையான குரலாம். “நான் கோரினோட அப்பா பேசறேம்மா. நானும் வாத்தியார்தான். விழா எத்தனை மணிக்கு, எந்த ஹால்ல?” மார்சி சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். வண்டி எங்கே நிறுத்தலாம் என்பது வரைக்கும்.

அதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். வளாகப் போலீஸிடம் போனேன். பழைய தடை உத்தரவு செல்லாது, அவர் எதுவும் செய்யாதவரை பொது விழாவுக்கு வருவதைத் தடுக்க முடியாது, வாசலில் ஒரு காவலரைப் போடுகிறோம் என்றார்கள். எதுவும் செய்யாதவரை! அவர் நாலு பேர் முன்னால் எப்போது எதைச் செய்தார்? பெட்டி அலுவலகத்துக்கும் போன் போட்டுக் கெஞ்சினேன். கடிதத்தை மட்டும்தான் அனுப்புவார்களாம், தகவல் சொல்ல விதி இல்லையாம். அவசர முத்திரை குத்தி உடனே அனுப்புகிறோம் என்றார்கள்.

நான் விழாவுக்குப் போகிறேன். போகாவிட்டால் அவர் என் வகுப்புக்கு வருவார். பிள்ளைகள் இருக்கிற அறைக்கு அவர் வரக்கூடாது. ரிக்கியிடம் சொன்னேன். “முன்வரிசை முழுக்க நாங்க உக்காந்துக்கறோம் மிஸ். எங்களைத் தாண்டி ஒரு ஈ வராது” என்கிறான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

நீ மட்டும் வராதே. உன் காலில் விழுகிறேன்.

கோரின்


6 மே 2001

கண்ணே,

உன் அவசரக் கடிதம் வியாழக்கிழமை மதியமே கிடைத்தது. வராதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். வந்தேன்.

நீ மேடையிலிருந்து என்னைப் பார்த்தாய். என் பக்கத்தில் இருந்தது யார் என்றும் பார்த்தாய். உன் கையிலிருந்து காகிதம் நழுவியதும், ரிக்கி மேடை ஏறி அதை எடுத்துக் கொடுத்ததும் எனக்குத் தெரிந்தது. ஏன் அங்கே போய் உட்கார்ந்தேன், ஏன் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனேன் என்று துடித்துக்கொண்டிருப்பாய். சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். என்ன இருக்கிறது, இரண்டு பெட்டி. வெள்ளிக்கிழமை அரங்கத்துக்குள் நுழைந்தபோதே அவரைக் கண்டுகொண்டேன். கடைசி வரிசை, சாம்பல் நிற கோட்டு, தலை முழுக்க வெள்ளை. எத்தனையோ வருஷமாக எந்த முகத்தைக் கண்டு ஓடினேனோ, அதன் பக்கத்தில் நானே நடந்துபோய் உட்கார்ந்தேன். “ஆர்லீஸ், வயசாயிடுச்சே உனக்கு” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு ஆசையாகப் பிடித்திருப்பதாகத்தான் தோன்றும்.

உன் பேராசிரியர் ரிக்கி எழுதியதைப் படித்தார். தப்புக்கு ஆள் கிடையாது என்றதும் அரங்கமே சிரித்துக் கைதட்டியது. எல்லாரையும் விடப் பலமாக உன் அப்பாதான் தட்டினார். அப்புறம் என் காதருகே குனிந்து, “பாத்தியா? என் ரத்தம். எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது” என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “ஆமா, பயத்தை நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு ரூமுக்குள்ள போனதும் யார் பயந்திருக்காங்கன்னு அவளுக்குத் தெரியும். அது உங்களால. அதுக்கப்புறம் அவங்களை அவ என்ன பண்றாளோ, அது அவளோடது” என்றேன்.

பிடி இறுகியது. “எங்க தங்கியிருக்கா அவ?” “என்கூடத்தான்.” “எங்க?” என் வீட்டு முகவரியைச் சொன்னேன். நிஜமான முகவரியைத்தான். ஒரு பொய்யோடு இன்னொன்றும் சேர்த்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தெருப்பெயர், கதவு எண் எல்லாம் சொன்னேன். அந்த வீடு காலி என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

அப்போது வாசலில் நின்ற காவலர் கிட்டே வந்தார். “எல்லாம் சரிதானேம்மா?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். டாக்டர், பக்கத்து வீட்டுக்காரி, தேவாலயத்துப் பாதிரியார். எல்லாருக்கும் சரிதான் என்றே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, “இல்லைங்க, சரியில்லை. இந்தாளைக் கையை எடுக்கச் சொல்லுங்க” என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. நாலைந்து வரிசை திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் அவர் முகம் மாறியதை முதல்முறையாகப் பார்த்தேன்.

வெளியே கூட்டிப்போய்ப் பெயர், வண்டி எண் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். இனி வளாகத்தில் கால் வைத்தால் கைதுதான் என்று ஒரு பெண் போலீஸ் அவரிடம் சொன்னாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். அது காலி வீடு என்று தெரிந்ததும் திரும்புவார். அதனால் இந்த வாரமே நீ அறையை மாற்று. ரிக்கியையும் பசங்களையும் சாமான் தூக்கச் சொல். புது முகவரியை மார்சியிடம் சொல்லாதே. கோபத்தால் அல்ல, அவள் நல்லவள் என்பதால்தான்.

இன்னொன்று. அந்த வீடு எங்கே தெரியுமா? உன் ஊரிலிருந்து ஒரே ரயில் தூரம். நீ அங்கே சேர்ந்த வருஷமே நானும் வந்துவிட்டேன். திட்டு, நன்றாகத் திட்டு. வியாழக்கிழமைகளில் சில நாள் உன் கட்டடத்து ஓரமாக நடந்துபோவேன். அடித்தள அறையின் ஜன்னல் நடைபாதை உயரத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு பையன் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். நீ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாய். நீ பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அவன் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்துத் தலையைத் தூக்கும்வரை நீ திரும்பவே இல்லை. நீ அவரா என்று கேட்டாயே. அடி பைத்தியமே!

மாநிலம் தாண்டிவிட்டேன். அந்தப் பெட்டி இனி எனக்கில்லை, அதற்கு எழுதாதே. நான் எழுதும்வரை நீ எனக்கு எழுத வழியில்லை. எப்போது எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

பயப்படாதே என்று எழுதப் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. பயப்படு, கண்ணே. கதவை இரண்டு தாழ் போட்டுப் படு. செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போ.

அம்மா