அஜித்குமாரின் எண்ணெய்த் துணி

ஜூன் 9, 2025, திங்கள்
காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் வர ஒன்றேகால் மணி நேரம். இன்று அதுகூட எரிச்சலாக இல்லை. கணினி மாதிரி முடிந்துவிட்டது!

டிராக்டர் எஞ்சினுக்கான எண்ணெய்த் தொட்டி ஒன்றைத் தகட்டிலிருந்து பிரஸ்ஸில் அழுத்தி அடிப்பதை முழுதாகக் கணினியில் கணக்கிட ஐந்து மணி நேரம் பிடிக்கும். எண்பது முறை அப்படி ஓட்டி, அந்த விடைகளை வைத்து, நொடியில் தோராயமாகச் சொல்லும் குட்டி மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறேன். தகட்டின் தடிமன், அழுத்தம், தகட்டில் பூசும் எண்ணெய் என்று ஆயிரக்கணக்கான விதமாக மாற்றிப் பார்த்தாயிற்று. மூலை கிழிய வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். நாற்பத்தாறு வயதில் இதைக் கற்றுக்கொண்டேனே, என் முதுகில் நானே தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 11
மேலாளர் சம்பந்தம் சார் என் எண்ணை அப்படியே நம்பினார். "ரெண்டுதானா? அப்ப ஆயில் ஸ்பிரே செலவு வேணாம் கோமளா." ஸ்பிரே தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 16
பிரஸ் ஓட்டும் அஜித்குமார் இன்று விடுப்பு. மனைவியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறான். வேறு ஆள் ஓட்டினார். முந்நூறில் நாற்பத்தொன்று கிழிந்தது. எல்லாம் அதே மூலை.

எங்கே தப்பு? தகடா? நானா? சார் கிழிந்தவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

ஜூன் 17
காலையிலேயே அஜித்குமார் என் மேசை முன்னால் வந்து நின்றான். கையில் ஒரு கறுத்த துணி.

"மேடம், கோச்சுக்காதீங்க. டை அச்சு சத்தம் மாறுனா இத்த எண்ணெல தோச்சி மூலைல ஒரு இழுப்பு இழுத்துடுவேன். எய்தி வெச்சா கேள்வி கேப்பாங்கன்னு எய்தல."

நான் மாதிரிக்குக் கொடுத்த எண்ணெய் அளவுகள் முழுக்க அவன் ஷிப்டில் எடுத்தவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பதம் பார்த்த எண்பதும் அவன் நெய் விட்ட பக்கத்துச் சோறு!

"அதனாலதான் லீவே போடறதில்லையா?"

"இன்னா மேடம் பண்றது, நான் இல்லாட்டி கியியுதே. அடுத்த மாசம் அவளுக்கு டெலிவரி, அம்மா ஊடு திருத்தணில. ஒரு நாள் போய் பாத்துட்டு ஓடியாந்துடுவேன்."

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி தகடு கொடுத்தவர் தலையில் விழுந்திருக்கும். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் வந்து சொன்னான். அழுகை வந்துவிட்டது, முகம் கழுவப் போய்விட்டேன். நல்லா இருப்பா அஜித்து.

ஜூன் 24
எண்ணெய் குறையும் நிலைகளையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். துணி இல்லாவிட்டால் நூற்றுக்குப் பதின்மூன்று கிழியும்.

சாரிடம் போனேன். "என் கையெழுத்து தப்பு சார். பிரஸ் பக்கம் நின்னு பாக்காம கணக்குப் போட்டுட்டேன். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஸ்பிரேக்கு எழுதிக் குடும்மா" என்றார். அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஜூலை 9
ஸ்பிரே மாட்டியாயிற்று. இந்த முறை நாள் முழுக்க பிரஸ் பக்கத்திலேயே நின்றேன். கால் வலி.

ஜூலை 21
அஜித்குமாருக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள். திருத்தணியிலிருந்து போன் செய்தான்.

"மேடம், இன்னிக்கி எத்தினி கியிஞ்சிது?"

"ஐந்நூறு அடிச்சோம். ஒண்ணுகூட கிழியல."

பின்னால் குழந்தை அழுதது.

"அப்ப இன்னும் ஒரு வாரம் இங்கியே கீறேன் மேடம்."

"இருப்பா" என்றேன்.