எங்கே திருப்பியிருக்க வேண்டும்?

தம்பிக்கு,

இங்கே நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமென்று உன் அண்ணி சொன்னாள். அவளிடம் மட்டும் வாரம் தவறாமல் பேசுகிறாயாம். நல்லது. இந்த ஆண்டுப் படகுப் பந்தயம் நெருங்கிவிட்டதால்தான் எழுதுகிறேன், வேறு காரணமில்லை.

நாம் ஏன் பேசுவதில்லை என்று அவள் கேட்டாள். லேலைன் என்றேன். காற்றுக்கு நேரெதிரே பாய்மரப் படகு போகாது, இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் ஏற வேண்டும். எங்கே திருப்பினால் மறுபடி திருப்பாமல் மிதவையைச் சுற்றலாமோ அந்தக் கோடு என்று விளக்கினேன். “தண்ணியில கோடா? யாரு போட்டது?” என்றாள். மனதில் போட்டுக்கொள்வது என்றேன். “அப்போ ஆளுக்கு ஒண்ணு போட்டிருப்பீங்க. இதுக்கா பதினோரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

போன பந்தயத்தில் “இப்பத் திருப்புண்ணே” என்றாய். நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நீ சொன்னதும் திருப்பி, மிதவையில் இடித்தோம். பழி என் தலையில் விழுந்தது. அந்தப் பயத்தில் இன்னும் பத்துப் படகு நீளம் ஓட்டினேன். அதற்குள் மூன்று படகுகள் திரும்பி முந்திக்கொண்டன. கரையில் எல்லார் எதிரிலும், “எங்கண்ணனுக்கு மிதவை பக்கத்து ஊருல இருக்குன்னு நெனப்பு” என்றாய். கிளப் செயலாளர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

உன்னைப் பொய்யனாக்கவே போன வாரம் அவரையே துணைக்கு உட்காரவைத்து, நீ சொன்ன இடத்தில் திருப்பிப் பார்த்தேன். சனிக்கிழமை ஒரு முழ இடைவெளியில் மிதவையைச் சுற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அதே காற்று, அதே இடம். நீரோட்டம் மட்டும் மாறியிருந்தது. மிதவையைச் சுற்றவிடாமல் படகைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. பந்தயத்தன்று நீரோட்டம் எந்தப் பக்கம்? நீரோட்ட அட்டவணையைப் பார்த்தால், நாம் திருப்பவிருந்த அதே நேரத்தில்தான் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் நீ சொன்னது சரியா, நான் செய்தது சரியா? பதினொரு மாதமாக எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது காகிதத்தில் கோடு போட்டுப் போட்டு அழிக்கிறேன்.

தவறு என்னுடையது என்று எழுதவில்லை, கவனி.

பந்தயப் பதிவு வெள்ளியோடு முடிகிறது. செயலாளர் தானே வருகிறேன் என்கிறார். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தலைவலி வருகிறது. படிவத்தில் துணையாள் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். சுக்கான் பிடிப்பவர் என்ற இடம் காலியாக இருக்கிறது.

வியாழக்கிழமைக்குள் நல்லபடியாக வந்து சேர்.

உன் அண்ணன்