அக்காவுக்கு எழுதிய கடிதம்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
10.3.1991

அன்புள்ள தங்கச்சி இம்மாகுலேற்றுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் நான் தபாலில் போடும் முதல் கடிதம் இது! உறையில் ஆங்கில முகவரி மட்டும் மருமகள் எழுதியது.

ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துத் திருத்தும்படி நம் முதியோர் எழுத்து வகுப்பில் கல்யாணி ரீச்சர் சொன்னாரல்லவா? கனடாவிலுள்ள அக்காவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் புதுத்தாளில் நல்ல தமிழில் திருப்பி எழுதிவிட்டேன். 'ஏனக்கா என்னோட கதைக்கிறேல்லை?' என்பதை எடுத்துவிட்டு, 'தங்கள் திருமுகம் காண ஏங்குகிறேன்' என்று போட்டேன். மருமகள், "மாமா, கலக்கிப்போட்டியள்!" என்றாள்.

அன்புடன்,
சி. பத்மநாதன்

இல்ஃபோர்ட்,
14.3.1991

பத்மநாதன் அண்ணைக்கு,

உங்கள் எழுத்து வடிவாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம்.

ஐந்து வருடத்துக்கு முன் அம்மா அக்கா வீட்டில் இறந்தபோது எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்தேன். நான் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு, 'வேலைப்பளுவினால் வர இயலவில்லை' என்று அழகாக எழுதினார். அதன் பிறகு நான் போன் எடுத்தாலும் அக்கா வைத்துவிடுவார். அதற்காகத்தான் இந்த வகுப்புக்கே வந்தேன். நீங்களும் எனக்காகப் பேசிவிட்டீர்களே! என் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

இம்மாகுலேற்

ரெய்னர்ஸ் லேன்,
18.3.1991

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் தாள் இத்துடன். ஒரு கோடும் போடவில்லை. எழுத வந்த சந்தோசத்தில் கை ஓடிவிட்டது. மன்னியுங்கள்.

வாசித்தவனாக மட்டும் சொல்கிறேன். அம்மா காய்ச்சிய கூழுக்கு இருவரும் சண்டை பிடித்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். அதைத் தொடாதீர்கள். ஆனால் மூன்று தரம் வாசித்தும் ஒன்று விளங்கவில்லை. செத்தவீட்டுக்கு நீங்கள் ஏன் போகவில்லை? அந்த மனிதர் விட்டதை நீங்களும் விட்டிருக்கிறீர்கள். அக்கா முதலில் அதைத்தான் தேடுவார். எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
சி. பத்மநாதன்

இல்ஃபோர்ட்,
12.4.1991

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. பிறகு எழுதினேன். அப்போது என் அகதி வழக்கு முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர ஏலாது என்றார்கள். பிள்ளைகள் இங்கே சின்னதுகள். அம்மாவா பிள்ளைகளா என்று வந்தபோது நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். அதை என் கையால் எழுதத்தான் கூசியது. ஆறு வரி. உங்களுக்கும் காட்டாமல் தபாலில் போட்டேன்.

நேற்று அக்கா கனடாவிலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"ஆரடி எழுதித் தந்தது?"

"நான்தானக்கா."

"கோழி கிளறினமாதிரிக் கிடக்கு," என்றார். "இன்னொண்டு எழுதிப் போடு."

இம்மாகுலேற்