வெட்டாமல் விட்ட பாதித் தோட்டம்

பிப்ரவரி 2

கந்தலேரா திருநாள். காலையிலிருந்து மழை. கந்தலேரா அன்று மழை பெய்தால் குளிர் முடிந்தது என்பது ஊர்ப் பழமொழி. அந்தப் பழமொழியைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எர்மெங்கோல் கத்தரியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டான். நாளை முதல் திராட்சைக் கொடி வெட்டப் போகிறானாம். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

"என் பாதியை மார்ச் கடைசியிலதான் வெட்டுவேன்" என்றேன்.

"மழை பெஞ்சுதா இல்லையா?"

"பெஞ்சுது. சந்த் மார்க் திருநாள் பனிக்கும்தான் பழமொழி இருக்கு. சீக்கிரம் வெட்டினா சீக்கிரம் துளிர்க்கும், ஏப்ரல் பனியில மாட்டும்."

"கந்தலேராவுக்கு வெட்டணும்னு அப்பா சொன்னதையே மாத்தப் பாக்கிறியா? போன வருஷம் உன் பாதியில விளைச்சல் போச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா என்கிட்ட விட்டுட்டு ரேயுஸ் டவுன் மருந்துக்கடை வேலைக்கே திரும்பிடு."

சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன். என் வாய்க்கொழுப்பு! ஆனாலும் பின்வாங்க மாட்டேன்.

பிப்ரவரி 19

அவன் பாதி மொட்டையடித்த மாதிரி சுத்தம். என்னுடையது சீவாத தலை. ரொட்டிக்கடை ரோசெர் கேட்கிறாள்: "ஏன்டி தெக்லா, கத்தரி தொலைஞ்சுபோச்சா? என் வீட்டுக்காரரோடதைத் தரட்டுமா?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வரும்வரை காது சுட்டது.

மார்ச் 11

நல்ல வெயில். அவன் கொடிகளில் மொட்டு பருக்கிறது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனா? — இல்லை. வெட்ட மாட்டேன்.

மார்ச் 30

வெட்டத் தொடங்கினேன். வெட்டிய இடமெல்லாம் நீர் சொட்டுகிறது. அண்ணன் வரப்பில் நின்று பார்த்தான்.

"கொடிக்கு ரத்தம் போகுது பாரு. அப்பா இருந்திருந்தா உன் கையை வெட்டியிருப்பாரு."

"அப்பா இல்ல. நான்தான் இருக்கேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா நான்?

ஏப்ரல் 23

சந்த் ஜோர்தி, ரோஜா கொடுக்கும் திருநாள். அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அண்ணன் எனக்கு ஒரு ரோஜா வாங்குவான். இன்று அண்ணிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, சதுக்கத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். வலித்தது. காற்று நின்றுவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பனிக்கு இதுதானே வேண்டும்.

ஏப்ரல் 25

சந்த் மார்க். விடியும்போது தரையெல்லாம் வெள்ளை. ஓடினேன். என் பாதி முழுக்கப் புகை! பனியைத் தடுக்க ஈர வைக்கோலைக் குவித்துக் கொளுத்திவிட்டு, கரி பூசிய முகத்தோடு அண்ணன் கிளறிக்கொண்டிருந்தான். அவன் பாதியில் ஒரு குவியல்கூட இல்லை.

"உன்னோடதுல ஏன் போடல?"

"வைக்கோல் ஒரு பாதிக்குத்தான் இருந்துச்சு." இருமினான். "உன்னோடது போச்சுன்னா நீ ரேயுஸ் போயிடுவ. கையடிச்சுத் தொலைச்சுட்டோமே."

வெயில் ஏறியதும் அவன் தளிர்களெல்லாம் கருகித் தொங்கின. என் மொட்டுகள் இன்னும் விரியவே இல்லை, பஞ்சு போன்ற உறைக்குள் பத்திரமாக இருந்தன. புகை இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் ஜெயித்துவிட்டேன். இதை எப்படி அவனிடம் சொல்வேன்? அழுகை வந்தது. புகை என்றேன்.

செப்டம்பர் 27

என் பழத்தை இரண்டு பேருமாகப் பறித்தோம். "புகைதான் காப்பாத்துச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆமாம் என்கிறேன்.

பிப்ரவரி 2

மறுபடி கந்தலேரா. மழை. ஊரே கத்தரி தீட்டுகிறது. அண்ணன் வந்து அடுப்படியில் உட்கார்ந்தான்.

"மார்ச் கடைசியா?"

"மார்ச் கடைசி."

தன் கத்தரியை என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னான். தன் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காதாம். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"வைக்கோல் இந்தத் தடவை ரெண்டு பாதிக்கும் வாங்கிடணும்."

"வாங்கிடலாம்ணா" என்றேன்.